கல்லில் எழுதிய எண்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியில், அறுபது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில், கேகாலை மாவட்டத்தின் மேற்கெல்லையை ஒட்டி வரக்காப்பொல என்னும் சிறு நகர் அமைந்திருக்கிறது. ஆளுநர் எட்வேட் பாண்ஸ் காலத்தில், 1820களில், ஆங்கிலேயர் இவ்வீதியைத் திறந்தனர். அருகேயுள்ள அம்பேபுசவில் 1828இல் எழுந்த வாடிவீடு இன்றும் இருக்கிறது. வீதியை அமைத்தவர்கள் அதனை மைல் கணக்கில் அளந்தனர். கிலோமீற்றர் வந்த பின்னரும், இடத்துக்கு அடையாளம் சொல்லும்போது இத்தனையாம் கட்டை என்று மைற்கட்டையைக் கொண்டே சொல்லும் வழக்கம் முதியோரிடையே முற்றாக மறைந்துவிடவில்லை.

அந்த மைல் என்னும் சொல்லுக்குள்ளே ஓர் எண் ஒளிந்திருக்கிறது. இலத்தீன் மொழியிலே ‘மில்லே’ என்றால் ஆயிரம். உரோமப் படைவீரன் இடக்காலும் வலக்காலும் மாறி மாறி வைத்து நடந்த இரட்டையடிகள் ஆயிரம் சேர்ந்தால் ஒரு மைல். ஆகவே மைற்கட்டைக் கணக்கில் வழி சொல்பவர் எவரும், தாம் அறியாமலே, உரோமரின் ஆயிரத்தைச் சொல்லுகிறார். அந்த ஆயிரத்தை உரோமர் எழுத்தில் எழுதியபோது, பிற்காலத்தில் அது ‘எம்’ என்ற ஒற்றை எழுத்தாக நிலைபெற்றது. மற்றைய எண்களை அவர்கள் எவ்வாறு எழுதினர், அவ்வெழுத்து இலங்கைத் தீவுக்கு எவ்வழியாக வந்தது, அதே காலத்தில் தமிழரும் சிங்களவரும் எண்களை எவ்வாறு எழுதினர் என்பவை ஆராயத்தக்கவை.

இத்தீவில் உரோம இலக்கத்தைக் கல்லிலே காண விரும்புவோர் காலிக்கோட்டைக்குச் செல்லலாம். போர்த்துக்கீசரிடமிருந்து 1640இல் காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கோட்டையின் பழைய வாயிலுக்கு மேலே, உட்புறமாகத் தம் வாணிபக் கும்பினியின் இலச்சினையைச் செதுக்கி வைத்தனர். இரு சிங்கங்கள் இலச்சினையைத் தாங்கி நிற்கின்றன. உச்சியிலே ஒரு சேவல் காணப்படுகிறது. அதனுடன் ‘ஆன்னோ’, அதாவது ‘ஆண்டு’, என்ற இலத்தீன் சொல்லும், அதன் பின்னே ஏழு எழுத்துக்களும் உள்ளன. எம், டீ, சீ, எல், எக்ஸ், ஐ, எக்ஸ் என்பவையே அவ்வேழு எழுத்துக்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு இதிலே ஒரு சொல்லும் கிடையாது. எண்ணாகப் படித்தால் 1669 என்று வரும்.

எப்படி வருகிறது? எம் என்பது ஆயிரம், டீ ஐந்நூறு, சீ நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து, வீ ஐந்து, ஐ ஒன்று. பெரியது முன்னும் சிறியது பின்னுமாக நின்றால் கூட்டவேண்டும். ஆயிரமும் ஐந்நூறும் நூறும் ஐம்பதும் பத்தும் சேர்ந்து 1660 ஆகின்றன. எஞ்சியிருப்பவை ஐ, எக்ஸ். இங்கே சிறியதாகிய ஒன்று, பெரியதாகிய பத்துக்கு முன்னே நிற்கிறது. அவ்வாறு நின்றால் கூட்டாமல் கழிக்கவேண்டும். பத்தில் ஒன்று போக ஒன்பது. காலி வாயிலின் ஆண்டிலே வீ ஒன்றைத் தவிர மற்ற ஆறு குறிகளும் வந்துவிட்டமையால், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு அகப்படுவது அரிது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓர் இடர்ப்பாடு மட்டும் உண்டு. ஐவர், ஐம்பது என்று வழங்கும் தமிழில் ஐ என்னும் ஒலி ஐந்தை நினைவூட்டும். உரோம இலக்கத்திலோ ஐ என்பது ஒன்று.

கழித்தெழுதும் முறைக்கு இக்காலப் பாடநூல்கள் கடுமையான வரம்புகள் கூறும். ஒரே குறியை மூன்று முறைக்கு மேல் அடுத்தடுத்து எழுதலாகாது. ஒன்றை ஐந்துக்கும் பத்துக்கும் முன்னேதான் வைக்கலாம். பத்தை ஐம்பதுக்கும் நூறுக்கும் முன்னேதான் வைக்கலாம். நூறை ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் முன்னேதான் வைக்கலாம். ஆதலால் 49 என்பதை எல் என்ற எழுத்துக்கு முன்னே ஓர் ஐ இட்டு எழுதிவிட முடியாது. நாற்பதுக்கு எக்ஸ், எல், ஒன்பதுக்கு ஐ, எக்ஸ் என்று தனித்தனியே எழுதவேண்டும். 3999க்கு அப்பால் இவ்வேழு குறிகள் போதா. குறியின் தலைமேல் ஒரு கோடு இட்டு ஆயிரமடங்காக்கும் வழக்கம் அதற்கு உதவுகிறது.

ஆனால் உரோமரே இவ்வரம்புகளைக் கண்டிப்பாகப் பின்பற்றினர் என்று எண்ணுவது தவறு. உரோமாபுரியில் கிறித்துவுக்குப் பின் 80ஆம் ஆண்டளவில் திறக்கப்பட்ட கொலோசியம் என்னும் பேரரங்கின் வாயில்களுக்கு இலக்கமிடப்பட்டிருந்தது. 44ஆம் வாயிலின் மேல் உள்ள இலக்கம் இன்றும் படிக்கத்தக்கதாக இருக்கிறது. அதிலே நாற்பதைக் கழித்தல் முறையாலும், நான்கை நான்கு கோடுகளாலும் எழுதியிருக்கிறார்கள். ஓர் எண்ணுக்குள்ளேயே இரு முறைகள்! செருமனியில் பதினெட்டாம் படையணியைச் சேர்ந்த ஒரு நூற்றுவர் தலைவனின் நினைவுக்கல் கிடைத்திருக்கிறது. அதில் படையணியின் எண் எக்ஸ், ஐ, ஐ, எக்ஸ் என்று செதுக்கப்பட்டுள்ளது. இக்கால ஆசிரியர் ஒருவர் கண்டால் சிவப்பு மையாற் கோடிட்டுவிடுவார். இலத்தீனில் பதினெட்டைக் குறிக்கும் சொல்லோ ‘இருபதுக்கு இரண்டு குறைவு’ என்றே பொருள்படும். சிற்பி தன் வாய்மொழியைக் கல்லிலே வைத்தான் என்க. நமது பழைய சுவர் மணிக்கூடுகளிலும் நான்கு மணிக்கு நேரே பெரும்பாலும் நான்கு கோடுகளே காணப்படும். இலண்டன் பாராளுமன்றத்து மணிக்கூடு இதற்கு விலக்கு. நான்கு கோடிடும் வழக்கத்துக்குப் பிரெஞ்சு மன்னர் ஒருவரின் பிடிவாதத்தைக் காரணமாகக் கூறும் கதை சுவையானது, நம்பத்தக்கதன்று. எதிரேயுள்ள எட்டின் அகலத்துக்கு ஈடாக நான்கும் கனத்து நிற்கவேண்டும் என்று மணிக்கூடு செய்வோர் கருதியிருக்கலாம்.

இக்குறிகளின் பிறப்பைத் தேடிச் சென்றால் எழுத்தையும் கடந்து மரக்கோலுக்குப் போகவேண்டும். ஆடு மேய்ப்பவன் கோலிலே வெட்டிய வெட்டுக்களே ஒன்று, இரண்டு, மூன்று என்பன. பால் அளந்து ஊற்றுபவர் நாளுக்கொரு கோடாக வீட்டுச் சுவரில் இடும் குறியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. நான்குக்கு மேற்பட்ட கோடுகளைக் கண் ஒரே பார்வையில் எண்ணிவிட மாட்டாது. ஆதலின் ஐந்துக்கும் பத்துக்கும் வேறு வெட்டு வேண்டியதாயிற்று. பத்தைக் குறிக்கும் எக்ஸ் என்பது குறுக்கு வெட்டு. அதன் மேற்பாதியே வீ. அதாவது பத்திற் பாதி ஐந்து. ஆயிரத்துக்கு முற்காலத்தில் வட்டத்தினூடே கோடிட்டாற் போன்ற ஒரு குறி இருந்தது. அதன் பாதியே ஐந்நூறைக் குறிக்கும் டீ. நூறைக் குறிக்கும் ‘செந்தும்’, ஆயிரத்தைக் குறிக்கும் ‘மில்லே’ ஆகிய சொற்களின் முதலெழுத்துக்களாகச் சீயும் எம்மும் பின்னரே நிலைபெற்றன. உரோமருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கரிடமும் இவற்றை ஒத்த குறிகள் வழங்கின. கோலில் வெட்டிக் கணக்கு வைக்கும் முறை எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்கு இங்கிலாந்தே சான்று. அந்நாட்டு அரசிறைத் திணைக்களம் 1826 வரை வெட்டுக்கோல்களைப் பயன்படுத்தியது. பயனற்றுப்போன கோல்களை 1834இல் பாராளுமன்றக் கட்டடத்தின் உலையிலிட்டு எரித்தபோது, தீ பரவிக் கட்டடமே எரிந்துபோயிற்று.

கோலில் வெட்டுவதற்கும் கல்லிற் செதுக்குவதற்கும் ஏற்ற இவ்விலக்கம், கணக்குச் செய்வதற்கு ஏற்றதா? தோட்டத்திலே 23 பேர், ஆளுக்கு 14 இறாத்தல் கொழுந்து கொண்டுவந்து நிறுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 322 இறாத்தல். நமது இலக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நான்காம் வகுப்புப் பிள்ளை அரை நிமிடத்தில் விடை சொல்லிவிடும். உரோம இலக்கத்தில் எக்ஸ், எக்ஸ், ஐ, ஐ, ஐ என்பதை எக்ஸ், ஐ, வீ என்பதாற் பெருக்கவேண்டும். எந்த எழுத்தை எதன்கீழ் வைப்பது? எழுத்துக்களின் தொகை எண்ணின் பெருமையையும் காட்டாது. 88 என்று எழுத எட்டு எழுத்துக்கள் வேண்டும்; அதனினும் பெரிய நூறுக்கு ஓர் எழுத்துப் போதும். உரோமர் கணக்கில் வல்லவர் அல்லர் என்று இதனாற் கொள்ளவேண்டா. அவர்கள் கணக்கை எழுத்தாற் செய்யவில்லை; பள்ளம் தோண்டிய பலகையில் கூழாங்கற்களையும் மணிகளையும் நகர்த்திச் செய்தார்கள். கூழாங்கல்லுக்குரிய இலத்தீன் சொல்லிலிருந்தே கணித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பிறந்தது. விடை கிடைத்த பின் அதனைப் பதிந்து வைப்பதற்கே இலக்கம் பயன்பட்டது.

எழுதியே கணக்குச் செய்யும் ஆற்றல் பாரத நாட்டிலிருந்து சென்ற பூச்சியத்தோடும் இடமதிப்போடும் மேலைநாட்டை அடைந்தது. பிரமகுப்தர் 628இல் எழுதிய நூலில் பூச்சியத்தைக் கூட்டவும் கழிக்கவும் விதி கூறினார். குவாலியரில் உள்ள 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்பதும் 50 என்பதும் பூச்சியத்துடன் பொறிக்கப்பட்டுள்ளன. அராபியர் வாயிலாக அது மேற்கே சென்றது. வட ஆபிரிக்கத் துறைமுகமொன்றில் அதனைக் கற்ற பைசா நகரத்து லியோனார்டோ 1202இல் நூல் எழுதிப் பரப்பினார். ஆயினும் உடனே வரவேற்பு இருக்கவில்லை. புளோரன்சு நகரத்து நாணய மாற்றுவோர் சங்கம் 1299இல் புதிய இலக்கங்களைக் கணக்கேடுகளில் எழுதலாகாது என்று விதித்தது. பூச்சியத்தின் வாலை நீட்டினால் ஆறோ ஒன்பதோ ஆகிவிடும் என்ற அச்சமே காரணம் என்பர் வரலாற்றாசிரியர். உரோம இலக்கத்தில் மட்டும் மோசடிக்கு இடமில்லையா? கடைசியில் ஒரு கோட்டைக் கூட்டிவிட்டால் ஏழு எட்டாகிவிடுமே! அதற்காகவே பழைய எழுத்தர்கள் ஈற்றுக் கோட்டை வால் நீண்ட ‘ஜே’ எழுத்தாக எழுதி எண்ணை முடித்தனர். மருந்துச் சீட்டு எழுதிய மருத்துவர்களிடமும் அவ்வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வங்கிக் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் முறை இவ்வச்சத்தின் எச்சமே.

இனித் தமிழரின் பழைய இலக்கத்தை நோக்கலாம். ஒன்று முதல் ஒன்பது வரை ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯ என்ற குறிகளும், பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்ற குறிகளும் வழங்கின. காலி வாயிலின் ஆண்டை ஒரு பழந்தமிழ்க் கணக்கர் எழுதியிருந்தால் ௲௬௱௬௰௯ என்று எழுதியிருப்பார். ஆயிரம், ஆறு நூறு, ஆறு பத்து, ஒன்பது. இதிலும் பூச்சியத்துக்கு வேலையில்லை. ஆனால் உரோமர் நூறு என்ற குறியை வேண்டிய தடவைகள் திருப்பித் திருப்பி எழுத, தமிழர் எத்தனை நூறு என்பதை முன்னே ஒரு குறியாற் காட்டிவிட்டனர். உரோமர் முறை கூட்டல். தமிழர் முறை பெருக்கலும் கூட்டலும். 3888 என்பதற்கு உரோம இலக்கத்தில் 15 எழுத்துக்கள் வேண்டும். தமிழில் ௩௲௮௱௮௰௮ என்று ஏழு குறிகள் போதும். வாயாற் சொல்லும் ஒழுங்கிலேயே கையும் எழுதுகிறது என்பது இம்முறையின் சிறப்பு.

அவ்வொழுங்கு மாறும் இடமும் உண்டு. தொண்ணூறு என்று சொல்லும்போது வாயிலே வருவது நூறு. தொள்ளாயிரம் என்னும்போது ஆயிரம். எழுதும்போதோ ௯௰ என்று ஒன்பது பத்தாகவும், ௯௱ என்று ஒன்பது நூறாகவும் எழுதினர். உரோமர் தொண்ணூறை எக்ஸ், சீ என்று நூறுக்கு முன்னே பத்தை வைத்து எழுதியதை இதனோடு ஒப்பிட்டால், மேலே உள்ள எண்ணை நோக்கிக் கீழே உள்ளதைச் சொல்லும் இயல்பு மனிதருக்குப் பொதுவானதோ என்று எண்ணத் தோன்றும். வடமொழியில் பத்தொன்பதை ஏகோனவிம்சதி, ‘ஒன்று குறைந்த இருபது’, என்பர்.

தமிழ்க் கணக்கரும் கணக்கைக் குறிகளாற் செய்யவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியை மனனம் செய்தனர். முழு எண் மட்டுமன்று. காலும் அரையும் மட்டுமன்று. இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரையும் வாய்ப்பாடமாக இருந்தன. உரோமருக்குப் பலகை செய்த வேலையை இவர்களுக்கு நினைவு செய்தது. வாய்ப்பாடு அறிந்தவனுக்கு அது பெருஞ்செல்வம். அறியாதவன் அறிந்தவன் சொல்லை நம்பியே நிற்கவேண்டியிருந்தது.

வரக்காப்பொலவையும் கேகாலையையும் உள்ளிட்ட சப்ரகமுவப் பகுதியின் பெரும்பாகம் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த நிலம். அங்கே எண்களை எவ்வாறு எழுதினர்? சிங்கள எழுத்தில் ஒன்றல்ல, இரு வகை இலக்கங்கள் இருந்தன. ஒன்று சிங்கள இலக்கம் எனப்படுவது. ஒன்று முதல் ஒன்பது வரையும், பத்து, இருபது, முப்பது எனத் தொண்ணூறு வரையும், நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் கொண்டது. ஆக மொத்தம் இருபது குறிகள். பூச்சியம் கிடையாது. இம்முறையில் 1669ஐ ஐந்து குறிகளில் எழுதலாம். உரோமருக்கு ஏழு, தமிழருக்கு ஆறு, சிங்களவருக்கு ஐந்து. இடமதிப்பு முறைக்கு நான்கு. மற்றது லித் இலக்கம். அது சோதிடர்களுக்குரியது, பூச்சியமும் இடமதிப்பும் உடையது. சாதகக் குறிப்புகளில் அதுவே வழங்கியது. கிரகங்களின் இருக்கையைக் கணிப்பவனுக்குக் கணக்குச் செய்யும் இலக்கம் வேண்டும். ஏட்டுக்கு எண்ணிடுபவனுக்கு அது வேண்டியதில்லை. ஒரே சமுதாயம் இரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துக்கொண்டது. உரோம இலக்கத்தின் தன்மையை விளங்கிக்கொள்ள இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டா.

1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் கண்டி அரண்மனையின் மண்டபத்தில், ஆளுநர் றொபேட் பிறவுண்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கண்டி உடன்படிக்கையைச் செய்துகொண்டனர். அப்பத்திரத்தின் ஆங்கிலப் பகுதியில் வாசகங்களுக்கு இன்று எங்கும் வழங்கும் இலக்கங்கள் இடப்பட்டன. எதிரேயுள்ள சிங்களப் பகுதியில் அதே வாசகங்களுக்குச் சிங்கள இலக்கங்கள் இடப்பட்டன. இராச்சியம் கைமாறிய பத்திரத்திலேயே இரு இலக்கங்களும் எதிரெதிரே நின்றன. பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலேயர் கொண்டுவந்த இலக்கமே நிலைத்தது. 1891இல் சிங்கள இலக்கண நூல் எழுதிய ஏப்பிரகாம் மென்டிஸ் குணசேகர அதில் பழைய இலக்கங்களையும் பதிந்து வைத்தார். கணினி எழுத்துக்களுக்கான உலகப் பொதுக் குறியீட்டில் இரு வகைச் சிங்கள இலக்கங்களுக்கும் 2014இல் இடம் கிடைத்தது. தமிழ் இலக்கங்களுக்கு அதற்கு முன்பே இடம் கிடைத்திருந்தது.

காலிக்கோட்டை ஒல்லாந்தரை மறுபடியும் நினைக்கவேண்டும். வாயிலிலே உரோம இலக்கத்தைச் செதுக்கிய அதே கும்பினி, தான் அடித்த செப்புக் காசில் ஆண்டைச் சாதாரண இலக்கத்தில் எழுதியது. ‘டொய்ட்’ என்ற அக்காசின் பெயரே தமிழில் ‘துட்டு’ ஆயிற்று என்பர். அலுவலகத்தைக் கந்தோர் என்கிறோமே, அதுவும் ஒல்லாந்தச் சொல்லே. வாயில் பார்ப்பதற்கு, துட்டு எண்ணுவதற்கு. ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து இலங்கைச் சதக்காசை எடுத்தால், ஒரு பக்கத்தில் முடிசூடிய தலையைச் சுற்றி மன்னர் பெயரும், அதனை அடுத்து ஐந்தைக் குறிக்கும் வீ என்ற எழுத்தும் இருக்கும். மறுபக்கத்தில் பனையினத்து மரமும், சாதாரண இலக்கத்தில் ஆண்டும் இருக்கும்.

இக்காசுகளைக் கூலியாகப் பெற்றவர்களிலே சப்ரகமுவத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். வீ என்ற எழுத்தை அவர்கள் படிக்கத் தெரியாதிருந்ததனால் ஒரு நட்டமும் இல்லை. அவர்கள் படிக்கவேண்டியிருந்த எண் வேறிடத்தில் இருந்தது. தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போவதானால், இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரையின் கந்தோரில் ஒரு சீட்டு எழுதிக்கொடுக்கப்பட்டது. அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொண்டது. கடன் தீரவில்லை, தோட்டம் மட்டும் மாறியது. வழிச்செலவும் கங்காணியிடம் பெற்ற முற்பணமும் அரிசிக்கணக்கும் கூடி அத்தொகை ஆயிற்று. பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஒருவனது உழைப்பு எந்த மண்ணில், எத்தனை காலம் என்பதை முடிவு செய்த எண்ணை அவனாற் படிக்க முடியவில்லை. படித்தாலும் அது சரியோ பிழையோ என்று கூட்டிப் பார்க்க முடியவில்லை. செக்றோலில் ஒரு பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதையும் கணக்கப்பிள்ளை வாயால் அறியவேண்டியிருந்தது. அத்தாளில் இருந்தது நான்காம் வகுப்புப் பிள்ளை கூட்டத்தக்க எளிய இலக்கந்தான். ஆனாலும் அவர்களுக்கு அது காலி வாயிலின் ஏழெழுத்தைப் போலவே கல்லாய் இருந்தது.

தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி கொடுக்கவேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. அப்பள்ளிகளிற் பல, ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமுமாக நெடுங்காலம் இருந்தன. 1970களின் பிற்பகுதி முதல் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒழித்தது. முதற் சட்டத்தின்படி பள்ளி கண்ட பிள்ளைகளில் மூத்தவர்கள் அப்போது இருபது வயதை எட்டிக்கொண்டிருந்தனர். தாம் பெறும் கூலியைத் தாமே எண்ணிப் பார்க்கக் கற்றிருந்தவர்கள் அவர்களுள்ளும் சிலரே.